ஒன்பதாவது பத்தி

அந்த இரண்டு பேரும் நான்காவது முறையாக ஒரே ஸ்கூட்டரில் வந்து இறங்கியதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்த வக்கீலம்மாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. விவாகரத்து வாங்க வருகிறவர்கள் ஒரே வண்டியிலா வருவார்கள்? அவள் பின்னால் உட்கார்ந்து வருகிறாள். இறங்கியதும் ஹெல்மெட்டைக் கழற்றி அவனிடம் நீட்டுகிறாள். அவன் அதை வாங்கி வண்டியில் பூட்டுகிறான். பிறகு ஜோடியாகப் படியேறி வந்து, உப்புப் பெறாத ஒரு விஷயத்துக்காக வக்கீலம்மாவின் பிராணனை வாங்குகிறார்கள்.

வக்கீலம்மா குடும்ப வழக்குகளுக்கு வந்து இருபத்தெட்டு வருடம். முதல் பதினைந்து வருடம் கோர்ட்டில் நின்று ஏதாவது ஒரு பக்கத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தினார். பிறகு அது அலுத்துப்போய், பிரிவதென்று முடிவெடுத்துவிட்டவர்களை ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பேசி, பிள்ளை யாரோடு, வீடு யாருக்கு, சாமான் யாருக்கு என்று பத்தி பத்தியாக ஒப்பந்தம் எழுதிக்கொடுக்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். கோர்ட் வட்டாரத்தில் அவருக்குக் 'கத்தரிக்கோல்' என்று பட்டப்பெயர். அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை. "மத்தவங்க கிழிக்கிறாங்க, நான் நறுக்குறேன். துணியாவது மிச்சமாகும்" என்பார்.

அந்த அறையில் அவர் பார்க்காத கூத்து இல்லை. கல்யாண ஆல்பத்தைப் பாதியாகக் கேட்டு, தன் முகம் இருக்கும் பக்கத்தை மட்டும் வெட்டிக்கொண்டு போன கணவனைப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு பிரஷர் குக்கருக்காக இரண்டு பக்கத்துச் சித்தப்பாக்களும் சட்டையைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறார். ஒரு தம்பதி படியேறி வரும் சத்தத்தை வைத்தே வழக்கு எத்தனை மாதம் இழுக்கும் என்று சொல்லிவிடுவார். அநேகமாகச் சரியாக இருக்கும். அந்தப் பெருமையும் அவருக்கு உண்டு.

இந்த ஜோடி கண்ணாடிக்கடைக்காரர்கள். இருவரும் ஒரே கல்லூரியில், ஒரே வகுப்பில், கண் பரிசோதனைப் படிப்பு முடித்தவர்கள். பதினாறு வருடமாகச் சேர்ந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை நடத்துகிறார்கள். முன் அறையில் அவள் கண் பரிசோதிப்பாள், பின் அறையில் அவன் லென்ஸ் அறுத்துத் தேய்ப்பான். பத்து வயதில் ஒரே மகள். அடிதடி இல்லை, குடி இல்லை, மூன்றாம் ஆள் இல்லை. முதல் நாளே வக்கீலம்மா, "ரெண்டே சந்திப்பு. முடிஞ்சுது" என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டார்.

முதல் சந்திப்பும் அப்படித்தான் நடந்தது. ஒரு மணி நேரத்தில் எட்டுப் பத்தி. இப்படி ஒரு தம்பதி கிடைக்கப் புண்ணியம் செய்திருக்க வேண்டும் என்று நினைத்தார் வக்கீலம்மா.

"பொண்ணு ஸ்கூல் இருக்கிற நாள்ல..." என்று அவள் ஆரம்பிப்பாள்.

"அம்மாவோட இருக்கட்டும் மேடம். சனி, ஞாயிறு என்னோட. அதைத்தான் சொல்ல வர்றா" என்று கடைக்காரன் முடிப்பான்.

அவள் அவனை ஒரு நொடி பார்ப்பாள். "சரி" என்பாள்.

"கடையில அந்த முன் ரூம்..."

"உனக்குத்தான். டெஸ்ட் பண்ற மிஷின், சேர் எல்லாம் உனக்கு. நான் பின்னாடியே இருந்துக்கிறேன். போதுமா?"

"சரி."

ஒருவர் பேச்சை இன்னொருவர் முடித்துவைக்கும் அழகைப் பார்த்து வக்கீலம்மா மனதுக்குள் சிரித்துக்கொண்டார். எட்டும் முடிந்து, குமாஸ்தா பேனாவை மூடப் போன நேரத்தில்தான் அவள் வாயைத் திறந்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு சொல்வதுபோல ஒரே மூச்சில் சொன்னாள்.

"ஸ்கூல்ல டீச்சரைப் பாக்கிற மீட்டிங்குக்கு நானும் இவனும் தனித்தனியா போகணும், அதையும் எழுதுங்க."

அதுதான் ஒன்பதாவது பத்தி. அங்கே நின்ற வண்டி நின்றதுதான்.

"ஒரே பொண்ணு, ஒரே டீச்சர், ஒரே மார்க் ஷீட். எதுக்கு மேடம் ரெண்டு தடவை?" என்றான் கடைக்காரன். கேள்வியில் நியாயம் இருப்பதாகவே வக்கீலம்மாவுக்கும் பட்டது. இரண்டாவது சந்திப்பில், இந்தத் தடவை அம்மா, அடுத்த தடவை அப்பா என்று எழுதிப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மூன்றாவது சந்திப்பில், சேர்ந்து போகலாம், ஆனால் ஆளுக்குப் பத்து நிமிடம் என்று எழுதினார். அதற்கும் தலையாட்டல். ஏன் என்று கேட்டால் பதில் வருவதற்குள் கடைக்காரன் பதில் சொல்லிவிடுவான். "அவளுக்கு என் மேல கோபம் மேடம்", "அவ தங்கச்சி ஏதோ சொல்லிக் கொடுத்திருக்கா மேடம்" என்று நாளுக்கு ஒரு காரணம். அவள் அதற்கு ஆமாம் என்பதும் இல்லை, இல்லை என்பதும் இல்லை. கல்லில் நார் உரிப்பதுகூட இதைவிடச் சுலபம் என்று வக்கீலம்மாவுக்குத் தோன்றியது.

நடுவில் ஒரு நாள் குமாஸ்தா, தட்டச்சு செய்துகொண்டே, "மேடம், அந்தம்மா வேற என்னமோ..." என்று இழுத்தார்.

"நீங்க டைப் பண்ணுங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார் வக்கீலம்மா.

நான்காவது சந்திப்பு தொடங்கிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. தனித்தனியா, சேர்ந்தா, தனித்தனியா, சேர்ந்தா என்று நாலாவது சுற்று வந்ததும் வக்கீலம்மாவின் பொறுமை அறுந்தது. ஃபைலைப் படாரென்று மூடினார்.

"இருபத்தெட்டு வருஷத்துல இப்படி ஒரு ஜோடியை நான் பாத்ததில்ல. ஒரே வண்டியில வர்றீங்க. இவர் பேச்சை நீங்க மறுக்கிறதில்ல, உங்க பேச்சை இவர் முடிச்சுவைக்கிறார். எட்டு விஷயத்துல ஒரு முட்டல் மோதல் இல்ல. உங்களுக்கெல்லாம் எதுக்குய்யா விவாகரத்து? எழுந்து வீட்டுக்குப் போங்க. போய்ச் சேர்ந்து இருங்க. என் நேரமாவது மிச்சமாகும்!"

கடைக்காரன் முகத்தில் ஆயிரம் வாட் பல்பு எரிந்தது. அவள் முகம் வெளுத்தது.

"மேடம், எனக்கு..." என்றாள்.

"அவளுக்கும் அதான் மேடம் ஆசை. களைச்சுப் போயிருக்கா, அவ்வளவுதான்" என்றான் அவன்.

அவள் எழுந்து, கதவைத் திறந்து, வெளி அறைக்குப் போய்விட்டாள். கதவைச் சாத்தும்போதுகூடச் சத்தம் வரவில்லை.

இரண்டு நிமிடம் கழித்துக் குமாஸ்தா உள்ளே வந்தார். "மேடம், கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்று வக்கீலம்மாவைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப்போய், தன் குறிப்பு நோட்டை நீட்டினார். யார் எதைச் சொன்னார்கள் என்று பக்கத்தில் ஓர் எழுத்துப் போட்டுக் குறித்துக்கொள்வது அவர் பழக்கம்.

"எட்டுப் பத்தி மேடம். எட்டையும் சொன்னது சாரு. அந்தம்மா சொன்னது ஆறு 'சரி', ரெண்டு 'ம்'. முழுசா சொன்ன ஒரே வாக்கியம் அந்த ஸ்கூல் விஷயம்தான். அதைத்தான் நாம நாலு நாளா அடிச்சுட்டிருக்கோம்."

வக்கீலம்மா நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். குமாஸ்தா சொன்னது சரி. அடி சறுக்காத யானை இல்லைதான். ஆனால் சறுக்கிய யானைக்கு அந்தப் பழமொழி ஓர் ஆறுதலும் தருவதில்லை. தன்மீது வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியாமல், "இதை ரெண்டாவது நாளே சொல்றதுக்கு என்ன?" என்று குமாஸ்தாவிடம் சீறினார்.

"சொல்ல வந்தேன் மேடம். டைப் பண்ணச் சொன்னீங்க."

வக்கீலம்மா நேராக உள்ளே போய்க் கடைக்காரனிடம், "தம்பி, கீழே போய் டீ குடிங்க. நானா கூப்பிடுற வரைக்கும் மேல வராதீங்க" என்றார்.

"எவ்வளவு நேரம் மேடம்?"

"நாலு டீ குடிக்கிற நேரம்."

அவளை உள்ளே வரவழைத்து உட்காரவைத்தார். "இப்ப சொல்லுங்கம்மா" என்றார். அவள் மேஜை விளிம்பைப் பார்த்தபடி இருந்தாள். மின்விசிறி சுற்றியது. சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போனது, இரண்டாவதும் போனது. 'பயமா இருக்கா?' என்று கேட்க வாய் வந்தது, நாக்கைக் கடித்துக்கொண்டார். 'அவர் அடிப்பாரா?' என்று வந்தது, மறுபடி கடித்துக்கொண்டார். அடுத்தவர் வாயிலிருந்து வார்த்தையைப் பிடுங்கியே பிழைத்தவருக்குச் சும்மா உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எனக்கு வார்த்தை வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும் மேடம்" என்றாள் அவள் கடைசியாக. "சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான். அவன் நல்லவன். என்னைத் திட்டினதுகூட இல்ல. ஆனா..."

நிறுத்தினாள். வக்கீலம்மா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆனா அவன் முடிக்கிறது என் பேச்சு இல்ல. பக்கத்து வீட்டுப் பேச்சு மாதிரி. கிட்டத்தட்ட இருக்கும், ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. இல்லன்னு சொல்றதுக்குள்ள அவன் அடுத்த விஷயத்துக்குப் போயிடுவான். திரும்பக் கூப்பிட்டுச் சண்டை போடுற அளவுக்குப் பெரிய விஷயமாவும் இருக்காது. அதனால சரின்னுடுவேன். இன்னைக்குக்கூட நான் பஸ்ல வரேன்னு சொல்ல ஆரம்பிச்சேன். பஸ்ஸுக்கு ஏன் நிக்கணும், வண்டி இருக்கேன்னு சொல்லிட்டான். ஏறி உக்காந்துட்டேன்."

ஸ்கூட்டரை ஆதாரமாகக் காட்டித் தான் போட்ட கூச்சல் வக்கீலம்மாவின் காதில் திரும்ப ஒலித்தது.

"ஸ்கூல் மீட்டிங்..." என்று அவள் தானாகவே அங்கே வந்தாள். "போன தடவை டீச்சர் என்னைப் பாத்துதான் கேட்டாங்க, பொண்ணு வீட்டுல எப்படி இருக்கான்னு. நான் யோசிக்கிறதுக்குள்ள அவன் சொல்லிட்டான், கலகலன்னு இருப்பா டீச்சர்னு. கலகலன்னு இல்ல மேடம். அஞ்சாறு மாசமா அவ வீட்டுல பேச்சையே குறைச்சுட்டா. என்ன சாப்பிடுறேன்னு அவகிட்ட அவனே கேட்டு, அவனே பதிலும் சொல்றான். அவ என்னை மாதிரியே..." நெடுநேரம் நிறுத்தினாள். "அவளும் சரின்னு சொல்ல ஆரம்பிச்சுட்டா."

வக்கீலம்மா ஒரு புதுத்தாளை எடுத்து, "முதல் பத்தியிலேர்ந்து வருவோம்மா. நீங்க என்ன நினைக்கிறீங்களோ அதைச் சொல்லுங்க. எனக்கு வேற வேலை இல்ல" என்றார். வேலை இருந்தது. குமாஸ்தா வெளியே இரண்டு பேரிடம் மன்னிப்புக் கேட்டு நாளைக்கு வரச் சொன்னார்.

நாலு டீக்குப் பதிலாக ஏழு டீ குடித்துவிட்டுக் கடைக்காரன் மேலே வந்தான். வக்கீலம்மா அவனை உட்காரவைத்து, "இவங்க பேசப்போறாங்க. முடிச்சுட்டேன்னு அவங்களே சொல்ற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. திறந்தீங்கன்னா இந்த ஃபைலை ஜன்னல் வழியா எறிஞ்சுட்டு நான் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் எறிந்துவிடுவார் என்றுதான் தோன்றியது.

அவள் பேசினாள். மகளைப் பற்றிச் சொன்னபோது அவன் முகம் சுருங்கியது. இரண்டு தடவை வாய் திறந்து மூடியது. ஆனால் ஐந்தாவது பத்திக்கு வந்து, "எனக்கு முன் ரூம் வேணாம். எனக்கு லென்ஸ் தேய்க்கிற வேலைதான் பிடிக்கும். காலேஜ்லேர்ந்தே பிடிக்கும். அங்க யாரோடயும் பேச வேண்டியதில்ல" என்று அவள் சொன்னதும் அவனால் முடியவில்லை.

"என்னது? உனக்கு ஆளுங்களைப் பாக்கப் பிடிக்கும்னுதானே நான் பின்னாடி போனேன்! பதினாறு வருஷமா ஜன்னல்கூட இல்லாத ரூம்ல ஒரு மிஷினோட பேசிட்டிருக்கேன். யாருக்காக? வெளியில நாலு பேர் சிரிக்கிற சத்தம் கேட்டா எட்டிப் பாக்கணும்போல இருக்கும் எனக்கு. உனக்காக விட்டுக் கொடுத்தேன்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்ல ஆரம்பிச்சேன்" என்றாள் அவள்.

ஃபைலை எறிவதாகச் சொன்ன வக்கீலம்மா அதன்மேல் கையை வைத்தபடி அப்படியே இருந்தார்.

அவன் தாழ்ந்த குரலில் பேசினான். வக்கீலம்மாவைப் பார்த்துதான் பேசினான். "காலேஜ்ல வாய்மொழிப் பரீட்சை மேடம். ரெண்டு ரெண்டு பேரா நிக்க வெச்சுக் கேட்டாங்க. இவளுக்கு வார்த்தை வரல. கண்ணுல தண்ணி நிக்குது. நான் பக்கத்துல நின்னு முடிச்சுக் கொடுத்தேன். அப்பதான் என்னை முதல் தடவையா நிமிர்ந்து பாத்தா. நான் முடிக்கலன்னா இவ அங்கயே நின்னுடுவாளோன்னு அன்னைக்கு வந்த பயம் மேடம். இன்னும் போகல."

"அந்தப் பதில் எனக்குத் தெரியும்" என்றாள் அவள். "இன்னும் ஒரு நிமிஷம் விட்டிருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு, அவனைப் பார்த்தே, "ஆனா அன்னைக்கு நீ சொன்னது எனக்குப் பிடிச்சுது. அது பொய் இல்ல" என்றாள்.

வக்கீலம்மாவுக்கு ஒரு கணம் நப்பாசை தலைகாட்டியது. முடிச்சு அவிழ்ந்துவிட்டதே, இனி இவர்கள்... அந்த வாக்கியத்தை முடிக்க வேண்டாம் என்று தன்னைத்தானே அடக்கிக்கொண்டார். கேட்டது கடைக்காரன்தான்.

"அப்ப ரூமை மாத்திக்கலாம். நான் முன்னாடி, நீ பின்னாடி. மீட்டிங்குக்கும் தனியாவே போ. அது போதாதா?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தான். அவனால் முடிந்ததெல்லாம் பத்து நொடி. "ஏன்னா நீ என்ன..." என்று ஆரம்பித்தவுடன் வக்கீலம்மா காகித எடைக்கல்லால் மேஜையில் ஓங்கித் தட்டினார். மூன்று பேரும் திடுக்கிட்டார்கள், வாசலில் நின்ற குமாஸ்தாவையும் சேர்த்து.

"போதாது" என்றாள் அவள். "எனக்கு என்ன வேணும்னு எனக்கே சரியா தெரியல. கூட யாரும் இல்லாம இருந்து பாத்தாதான் தெரியும். அதுக்கு எவ்வளவு நாளாகும்னும் தெரியாது. நீ காத்திருக்க வேணாம். முடிச்சுட்டேன்."

அன்றைக்கு அவர்கள் திரும்பிப் போகும்போது வக்கீலம்மா ஜன்னலுக்குப் போகவில்லை. போன குமாஸ்தா வந்து சொன்னார்: அவள் பஸ் நிறுத்தத்தில் நின்றாளாம். அவன் ஸ்கூட்டரைக் கிளப்பாமல், அவள் பஸ் வரும்வரை எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தானாம். "அதையும் பத்தியில சேக்கணுமா மேடம்?" என்று கேட்ட குமாஸ்தாவை வக்கீலம்மா முறைத்தார்.

புது ஒப்பந்தம் பதினொரு பத்தி. ஒன்பதாவது பத்தி அவள் சொன்ன வாக்கியமாகவே இருந்தது. மனுப் போட்டு ஆறு மாதம் கழித்துக் கோர்ட்டில் நீதிபதி, "ரெண்டு பேரும் நல்லா யோசிச்சுத்தானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? நீங்க சொல்லுங்கம்மா" என்று அவளைப் பார்த்துக் கேட்டார். அவள் வாய் திறக்க நேரமானது. வக்கீலம்மா கடைக்காரனை ஓரக்கண்ணால் பார்த்தார். அவன் உதட்டைக் கடித்தான், கையைப் பின்னால் கட்டினான், கூரையைப் பார்த்தான். என்ன செய்து என்ன?

"யோசிச்சுத்தான் சார், அவ..." என்று வந்தேவிட்டது.

"உங்களைக் கேட்டேனா?" என்றார் நீதிபதி. "இல்ல, நீங்கதான் அந்தம்மாவா?"

கோர்ட்டில் இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அவன் காது சிவந்தது. அவளும் சிரித்துவிட்டாள். அவள் பல் தெரியச் சிரித்து வக்கீலம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரிப்பு அடங்கியதும், நிதானமாக, "யோசிச்சுட்டேன் சார். எனக்குச் சம்மதம்" என்றாள். அவ்வளவுதான். பதினாறு வருடம் ஆறு நிமிடத்தில் முடிந்தது.

அவள் கடையை அவனுக்கே விட்டுவிட்டு, ஊரின் மறுகோடியில் லென்ஸ் தயாரிக்கும் கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அவன் முன் அறைக்கு வந்தான். எட்டு மாதம் கழித்து வக்கீலம்மாவுக்குப் படிக்கும் கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது. வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஏதோ ஓர் அசட்டு நினைப்பில் அங்கேயே போனார். ஒளிரும் பலகையில் ஐந்தாவது வரியை அவர் படிக்க ஆரம்பித்தார். இரண்டு எழுத்துத்தான் படித்திருப்பார். மீதி நாலு எழுத்தையும் கடைக்காரன் படித்துவிட்டான்.

"கண்ணு யாருக்குய்யா டெஸ்ட் பண்றீங்க? எனக்கா, உங்களுக்கா?"

"ஐயோ, சாரி மேடம். வர்றவங்க எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டான். வேறு பலகையை மாட்டினான். வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றான். பரிசோதனை முடிந்து நம்பர் எழுதும்போது, "போன வாரம் ஸ்கூல் மீட்டிங் மேடம்" என்றான்.

"தனியாத்தானே போனீங்க?"

"தனியாத்தான். பொண்ணு உங்க வீட்டுல எப்படி இருக்கான்னு டீச்சர் கேட்டாங்க. எனக்குச் சட்டுனு எதுவும் வரல. தெரியல டீச்சர், அவளைக் கேட்டுட்டு வந்து சொல்றேன்னேன். டீச்சர் ஒரு மாதிரி பாத்தாங்க."

"கேட்டீங்களா?"

"கேட்டேன். அவ அம்மா மாதிரிதான் மேடம், ரொம்ப நேரம் எடுத்துக்குவா. சனிக்கிழமை கேட்டேன், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பதில் சொன்னா." என்ன சொன்னாள் என்பதை அவன் சொல்லவில்லை. வக்கீலம்மாவும் கேட்கவில்லை. அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பெட்டியில் ஃபிரேம் தேடினான்.

கடையை விட்டு இறங்கித் தெருவைக் கடப்பதற்குள் போன் அடித்தது. குமாஸ்தா.

"மேடம், நாளைக்கு வர வேண்டிய ஜோடி இன்னைக்கே வந்து உக்காந்திருக்காங்க. மாடியில பாதி, படியில பாதி. ரெண்டு பக்கமும் அத்தை, மாமா, மச்சான்னு மொத்தம் பதினோரு பேர். விவாகரத்துன்னு முதல்ல சொன்னது யாருங்கிறதுல தகராறு. அதுக்குத் தீர்ப்புச் சொன்னாத்தான் உள்ளயே வருவாங்களாம். என்ன பண்றது?"

வக்கீலம்மா நடைபாதையிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"எல்லாருக்கும் தண்ணி குடுங்க. யார் என்ன சொன்னாலும் நோட்டுல குறிச்சு வைங்க. நான் நடந்தே வரேன்."

"ஆட்டோவுல வந்தா சீக்கிரம்..."

"சீக்கிரம் வர்றதுக்கு எனக்கென்ன பைத்தியமா?" என்று போனை வைத்தார்.